முதலில் நிமிர்வது யார்?

மினோதானி தொகுசாபுரோ செத்ததுகூட ஒரு பேரத்தின் நடுவில்தான். ஹொக்காய்டோவிலிருந்து கடற்பாசி கொண்டுவந்த மொத்த வியாபாரியிடம் ஒரு விலையைச் சொல்லிவிட்டு, எதிராளி இறங்கி வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். அது அவருடைய வழக்கம். வந்தவனும் பழைய ஆள், அசையவில்லை. தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்த பிறகுதான் மனிதர் இந்தத் தடவை விலைக்காகக் கண்ணை மூடவில்லை என்று தெரிந்தது. வியாபாரி அழுதுகொண்டே, அவர் கேட்ட விலைக்கே சரக்கை இறக்கிவிட்டுப் போனான். ஒசாகாவில் இதைவிட நல்ல சாவு ஒருவருக்கு வாய்க்காது என்பது எங்கள் கடைத்தெருவின் ஒருமித்த கருத்து.

தன் இறுதிக் காரியத்துக்கும் அவர் உயிரோடு இருக்கும்போதே விலை பேசி முடித்திருந்தார். சவச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் ஆளைக் கடைக்கே வரவழைத்து உட்காரவைத்தார். பூ வேண்டாம், கழி. வெள்ளைப் பட்டு வேண்டாம், கழி. பெட்டிக்குள் வைக்கும் ட்ரை ஐஸ் தகனம் ஆரம்பிக்கிற நிமிடம் வரைக்கும் போதும், அதற்கு மேல் எனக்கெதற்குக் குளிர்ச்சி, கழி. கடைசியில் அந்த ஆள், "வட்ட அலுவலகத்துல தகன அனுமதி வாங்குறதை நாங்களே பார்த்துக்குவோம்" என்றபோது, தொகுசாபுரோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு காகிதம் வாங்க ஒரு ஆளா? எம் மவன் நடந்து போய் வாங்கிட்டு வருவான். அதையும் கழி."

கழித்ததிலெல்லாம் எங்கள் உயிரை வாங்கியது அந்த ஒன்றுதான்.

மகன் ஹிதேனோரி அப்பாவுக்கு நேர் எதிர். தானாகத் திறக்கும் கதவுக்கு நன்றி சொல்கிறவன். தொலைபேசியில் பேசினாலும் எதிரில் ஆள் நிற்பதுபோலக் குனிந்து குனிந்து நெற்றியைச் சுவரில் இடித்துக்கொள்வான். அப்பா இறந்த மறுநாள் காலையில் என் கடை வாசலில் வந்து நின்றான்.

"குஸுமி அண்ணே, கொஞ்சம் கூட வாங்க. அங்க யாராவது 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்னா, நான் பாட்டுக்கு 'ரொம்ப நன்றிங்க'ன்னு சொல்லிட்டு வந்துருவேன்."

நான் நிப்பொன்பாஷியில் பழைய கணினி வாங்கி விற்கிறவன். 'நாளைக்கு வாங்க' என்று சொல்கிறவர்களைத் தின்றே வளர்ந்த உடம்பு இது. கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்டு மாதத்து வெயில். தகன மேடை மூன்று மணிக்குக் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால், முன்னோர் திருவிழா விடுமுறையெல்லாம் கழிந்து அடுத்த வாரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ட்ரை ஐஸும் மூன்று மணிக்குத்தான் பேசியிருந்தது. அப்பா அந்த வெயிலில் ஒரு வாரம் என்ன ஆவார் என்பதை ஹிதே வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தான். நான் அவனிடம் பருவமழை பற்றிப் பேசிப் பார்த்தேன். பயனில்லை.

ஷியோமே வட்ட அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். பக்கத்தில் கல்யாணத்தைப் பதிய வந்த ஒரு ஜோடி. காதலோடு வந்தவர்கள்தான் போலிருக்கிறது. ஆனால் காத்துக் காத்து, அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், மணவிலக்குக்கும் இப்போதே ஒரு டோக்கன் எடுத்துவைக்கலாமா என்று யோசிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது.

எங்கள் எண் வந்தது. கவுன்டரில் இருந்தவர் உனோகி அம்மையார். எழுந்து குனிந்து வணங்கினார், மருத்துவர் கொடுத்த இறப்புச் சான்றை இரு கையாலும் வாங்கினார், தட்டச்சு செய்தார். பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பொதுமக்கள் பார்க்கணும்னு விதி" என்றார்.

திரையில் கறுப்புக் கரை போட்ட ஒரு ஜன்னல் மெல்ல எழுந்தது. எழுந்ததும் முன்பக்கமாக வளையத் தொடங்கியது. வயதானவர் கொதிக்கும் குளியல் தொட்டிக்குள் இறங்குவதுபோல, நின்று நின்று, யோசித்து யோசித்து வளைந்தது. பாதி வளைந்து அப்படியே நின்றது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து ஊதுவத்திப் புகை எழும்பியது. கண்ணாடிபோலப் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும் புகை. இன்னொரு மூலையில் வட்டத்தின் சின்னமான ஆக்டோபஸ் தோன்றி, தன் எட்டுக் கைகளையும் ஜோடி ஜோடியாகக் கூப்பியது. ஒவ்வொரு கைக்கும் தனித்தனி நிழல். மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டி, முடி உலர்த்தும் இயந்திரம்போல இரைய ஆரம்பித்தது.

ஹிதே பதறிப்போய் ஜன்னலுக்குப் பதில் வணக்கம் சொன்னான். நிமிர்ந்து பார்த்தான். ஜன்னல் இன்னும் குனிந்தே இருந்தது. வெட்கப்பட்டு மறுபடி குனிந்தான்.

"புகை முழுசா எழும்பின பிறகுதான் எழுதுற கட்டம் திறக்கும்" என்றார் உனோகி அம்மையார். "இறப்புக்கு நாற்பத்தஞ்சு டிகிரி. பிறப்புக்கு முப்பது. விலாசம் மாத்தப் பதினஞ்சு. வரி கட்டாதவங்களுக்கு லேசாத் தலையை மட்டும் ஆட்டும்."

கீழே இரைந்த பெட்டியை எனக்குத் தெரியும். நான் விற்றதுதான். வட்ட அலுவலகம் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியபோது, அது இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும் என்று யாரோ சொல்ல, நேரே என் கடைக்கு வந்தார்கள். படம் வரைவதற்கென்று உள்ளே இருந்த தனி அட்டையைப் பார்த்துவிட்டு, "நாங்க தட்டச்சுதானே பண்ணப் போறோம், இதைக் கழட்டிக்கிட்டு விலையைக் குறைங்க" என்றார்கள். நியாயமான பேச்சு. கழற்றினேன், குறைத்தேன். தட்டச்சுக்கு அந்தப் பெட்டி குதிரைபோல ஓடியது.

ஓடியதை நிறுத்தியவர் பதிவுப் பிரிவுத் தலைவர் தசிரோ. லினக்ஸில் சில அலங்காரங்கள் கூடவே வரும். ஜன்னலைப் பிடித்து இழுத்தால் அது டோஃபுக் கட்டிபோல ஆடும். வேறு எவனும் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். தசிரோ கண் கலங்கிவிட்டாராம். "முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு முன்னாடி தானாக் குனிஞ்ச முதல் இயந்திரம் இது" என்றாராம். உடனே ஒரு மரியாதைக் குழு அமைந்தது. ஆட்டம் வணக்கமாயிற்று. வணக்கத்துக்கு டிகிரி வந்தது, டிகிரிக்குப் பின் புகை வந்தது, புகைக்குத் துணையாக ஆக்டோபஸ் வந்தது. படம் வரையும் அட்டை இல்லாத பெட்டியில் இதையெல்லாம் யார் வரைவது? கணக்கு எழுதுகிறவரே நடுநடுவே எழுந்து நடனமும் ஆடிவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான். நடனம் கூடக்கூடக் கணக்கு நின்றுபோனது.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "அம்மா, அமைப்புல 'அலங்காரங்கள்'னு ஒரு பக்கம் இருக்கும். அதுல ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துட்டாப் பறக்கும்."

"தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். வாசல்ல குடை உறை கொடுக்கிற காவலாளிக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? டிக்கை எடுத்தா, இத்தனை நாள் மக்களுக்குக் குனிஞ்ச அலுவலகம் இன்னிக்குக் குனியறதை நிறுத்திடுச்சுன்னு ஆகும். நிறுத்தினது யாருன்னு கேப்பாங்க. உனோகின்னு சொல்வாங்க. எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

"அப்ப மெதுவா ஓடுதுன்னு யாருமே ஒண்ணும் செய்யலையா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "செய்யாம? தகவல் அமைப்புப் பிரிவு ஒரு வருஷமா ஆராயுது. முதல்ல சூடுதான் காரணம்னு மின்விசிறி வச்சாங்க. அப்புறம் தூசின்னு துடைச்சாங்க. கோயில்ல இருந்து பூசாரியைக் கூப்பிட்டு வெள்ளைக் காகிதக் கொத்தால பெட்டியை விசிறினாங்க, அன்னிக்கு மத்தியானம் கொஞ்சம் பரவாயில்லாம இருந்த மாதிரி எல்லாருக்கும் தோணுச்சு. கடைசியா, கணினி மெதுவா இல்லை, பொதுமக்களுக்குத்தான் மெதுவாத் தோணுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால காத்திருக்கும்போது மனசு குளிர அருவி காட்டுறோம்."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் இன்னொரு ஜன்னல் எழுந்தது. அதற்குள் அருவி விழுந்துகொண்டிருந்தது.

"இதுவும் குனியுமா?" என்றேன்.

"குனியாம வந்தா நல்லாவா இருக்கும்?"

அருவி ஜன்னல், ஏற்கெனவே குனிந்திருந்த இறப்பு ஜன்னலைப் பார்த்துக் குனிந்தது. தன்னை ஒருவர் வணங்கினால் சும்மா இருக்க முடியாதே, இறப்பு ஜன்னலும் அருவிக்கு ஒரு தடவை குனிந்தது. புகை இப்போது அருவிக்குள் புகுந்து எழும்பியது. பெட்டியின் இரைச்சலில் பக்கத்துக் கவுன்டரில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது.

ஹிதேயின் தொலைபேசி அடித்தது. சடங்கு நிறுவனத்து ஆள்.

"மினோதானி சார், ஐஸ் பேசினபடி கரெக்டாப் போய்க்கிட்டிருக்கு. மூணு மணிக்கு மேல ஒரு துண்டு கிடையாது. நான் கெட்டவன் இல்லை சார், உங்கப்பாவே தன் வாயாலே பேசி முடிச்சது."

"ஆமாங்க, ரொம்ப நன்றிங்க" என்று குனிந்தான் ஹிதே. அவன் காது மடல் வெளுத்திருந்தது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அலங்காரங்களை ஒரே வீச்சில் நிறுத்துவதற்கு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். பேனாவை எடுப்பதுபோலக் கவுன்டர் மேல் சாய்ந்து அழுத்திவிட்டேன்.

பட்டென்று எல்லாம் போனது. அருவி நின்றது, புகை மறைந்தது, ஆக்டோபஸ் தன் கைகளோடு காணாமல் போனது. பொதுக் குளியலறையில் துண்டு நழுவிய ஆள்போல, விண்ணப்பம் வெறுமனே நிமிர்ந்து நின்றது. பெட்டி அமைதியானது. உனோகி அம்மையாரின் விரல்கள் தாமாகவே ஓடின. பெயர், வயது, விலாசம். ஒரு கணம் அவர் முகத்தில் இளமை வந்துபோனதை நான் பார்த்தேன்.

பிறகு திரை இருண்டது. அலங்காரங்கள் தாமாகத் திரும்பி வந்தன. சிவப்புக் கரை போட்ட ஒரு ஜன்னல் எழுந்து, நாற்பத்தைந்து டிகிரியையும் தாண்டி வளைந்து, மண்டியிட்டு, தன் மேல் விளிம்பைத் திரையின் தரையில் வைத்துக்கொண்டது. அந்த நிலையில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாராலும் படிக்க முடியாது.

"மன்னிப்பு ஜன்னல்" என்றார் உனோகி அம்மையார், கிசுகிசுப்பாக. "மரியாதை குறைஞ்சா தானா வரும். ரெண்டு பிரிவுத் தலைவர்களும் மன்னிச்சாத்தான் எழுந்திருக்கும். அது எழுந்திருச்சாத்தான் மத்தது எல்லாம். அதுவரைக்கும் வேற மேசையிலயும் இந்தப் பதிவு திறக்காது."

இரண்டு தலைவர்களும் வந்தார்கள். வடக்குப் படிக்கட்டு வழியாகப் பதிவுப் பிரிவு தசிரோ, தெற்குப் படிக்கட்டு வழியாகத் தகவல் அமைப்புப் பிரிவு மகாபே. தசிரோ உருண்டை, கையில் விசிறி. மகாபே ஒட்டடைக் கம்புபோல ஒல்லி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பரீட்சையில் ஒரே மதிப்பெண் வாங்கி, ஒரே காலையில் தலைவர் ஆனவர்கள். லிஃப்டில் யார் முதலில் ஏறுவது என்று தீராததால் இருவரும் வேறுவேறு படிக்கட்டில் நடப்பவர்கள்.

தசிரோ கூடத்தைப் பார்த்துப் பேசினார். அவர் பேசினால் கூடத்தைப் பார்த்துத்தான் பேசுவாராம்.

"வேகமா வேலை நடக்குற அலுவலகங்கள் எத்தனையோ இருக்கு. அங்கெல்லாம் ஜனங்க வர்றாங்க, வாங்கிக்கிறாங்க, போயிடறாங்க. அந்த ஊழியர்களை யாராவது ஞாபகம் வச்சிருப்பாங்களா? எங்களை மறந்தவங்கன்னு ஷியோமேயில ஒருத்தர் கிடையாது. வேலை முடியலைன்னு புகார் வந்திருக்கு, ஒத்துக்கறேன். குனியலைன்னு ஒரே ஒரு புகார் வந்திருக்கா? காட்டுங்க!"

மகாபே தொண்டையைச் செருமினார்.

"என் பிரிவு சார்பாத் தெளிவாச் சொல்லிடறேன். கணினி மெதுவா இருக்குங்கறதை நாங்க ஒத்துக்கலை. மெதுவாத் தோணுதுங்கறதைத்தான் ஆராயறோம். காரணம் என்னன்னு சில பேர் ரொம்ப சுலபமாச் சொல்லிடறாங்க." என்னை ஒரு பார்வை பார்த்தார். "காரணம் தெரிஞ்சா ஆராய்ச்சி முடிஞ்சுரும். ஆராய்ச்சி முடிஞ்சா என் பிரிவுல இருக்கிறவங்க எங்க போவாங்க? அவங்களுக்கும் குடும்பம் இருக்கில்லையா?"

"தலைவரே, மூணு மணிக்கு..." என்றான் ஹிதே.

"உங்க துயரத்தை நாங்க மதிக்கறோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தங்கள் கையடக்கத் திரைகளில் 'மன்னித்தேன்' என்பதைத் தொட்டார்கள்.

கவுன்டர்த் திரையில் இரண்டு ஜன்னல்கள் எதிரெதிரே எழுந்தன. ஒன்று தசிரோவுடையது, ஒன்று மகாபேயுடையது. ஒன்றையொன்று கண்டு குனிந்தன. மேலதிகாரி நிமிர்ந்த பிறகே கீழே இருப்பவர் நிமிரலாம் என்பது மரியாதைக் குழு எழுதிய விதி. இரண்டும் ஒரே அந்தஸ்து. எதிரில் இருப்பது நிமிரட்டும் என்று இது காத்திருந்தது. இது நிமிரட்டும் என்று அது காத்திருந்தது. பெட்டி இரைந்தது. கீழே மன்னிப்பு ஜன்னல் மண்டியிட்டபடியே கிடந்தது.

"மகாபே சான், நீங்க முதல்ல நிமிருங்க" என்றார் தசிரோ, பெருந்தன்மையாக.

"ஐயையோ, உங்களுக்கு முன்னாடி நானா? நீங்க நிமிருங்க."

"சேச்சே, அது எப்படி."

"தயவுசெஞ்சு."

சொல்லிக்கொண்டே இருவரும் குனிந்தார்கள். குனிந்தபின் நிமிரவில்லை. இரண்டு பெரியவர்கள் குனிந்திருக்கும்போது தான் மட்டும் நிற்பது எப்படி என்று ஹிதேயும் குனிந்தான். கல்யாண ஜோடியில் மாப்பிள்ளை பாதி குனிந்தான், பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"கணினியை அணைச்சுட்டுப் போட்டா என்ன?" என்று உனோகி அம்மையாரிடம் கேட்டேன்.

"அணைச்சா, திறந்திருக்கிற ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியா விடைபெறும். பின்னாடியே நடந்து, வாசல்ல ஒரு தடவை திரும்பி. போன வெள்ளிக்கிழமை மேல்மாடியில ஒண்ணை அணைச்சோம். இன்னும் விடைபெற்றுக்கிட்டிருக்கு."

"பிளக்கைப் பிடுங்கினா?"

கூடமே மூச்சை இழுத்தது. "வணங்கிட்டு இருக்கிறவர் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இல்லையா அது!" என்றார் யாரோ.

சரி, எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். தசிரோவின் காதுக்கு நேராக நானும் குனிந்தேன்.

"தலைவரே, இறப்புக்கு நாற்பத்தஞ்சு சொல்றீங்க. கடைசி விலை என்ன?"

"இது பேரம் பேசுற விஷயம் இல்லை" என்றார் தரையைப் பார்த்தபடி.

"இருபது."

"என்ன பேசுறீங்க! செத்தவருக்கு இருபதா? நாற்பத்திமூணு."

அவரும் ஒசாகாக்காரர்தானே.

"இருபத்தஞ்சு. இத்தனை பெட்டி வித்திருக்கேன், வாடிக்கை மறந்து பேசலாமா?"

"நாற்பது. அதுக்குக் கீழே போனா எனக்குக் கட்டுபடியாகாது."

"முப்பது, புகையை எடுத்துடுங்க."

"புகையைத் தொடாதீங்க. வேணும்னா ஆக்டோபஸ்ல ரெண்டு கையைக் குறைச்சுக்கறேன்."

முப்பத்திமூன்று டிகிரி, பாதிப் புகை, ஆறு கை என்று படிந்தது. எங்கள் வழக்கப்படி கையைத் தட்டி முடித்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உனோகி அம்மையாரைப் பார்த்து, "போடுங்கம்மா" என்றேன்.

"எங்க போடறது?" என்றார். "இதைப் பதியறதுக்கு முதல்ல கணினி நிமிரணுமே."

மணி ஒன்றரை. ஹிதேயின் தொலைபேசி மறுபடி அடித்தது. குனிந்தபடியே எடுத்தான். எங்களுக்கும் கேட்டது. "சார், வண்டியில ஏத்திட்டோம். மேடைக்குப் போறதா, திருப்பி வீட்டுக்கா? வீட்டுக்குன்னா உள்ளே ஏசியை முழுசா வச்சுருங்க, அவ்வளவுதான் நான் சொல்வேன்."

ஹிதே நிமிர்ந்தான். எதிரில் ஒருவர் குனிந்திருக்கும்போது அவன் நிமிர்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எங்கப்பா எவனுக்கும் குனிஞ்சதில்லைங்க! குனிஞ்சா விலை ஏறிடும்னு சொல்வாரு. அவரு பேரைச் சொல்லிக் காலையில இருந்து எல்லாரும் குனிஞ்சுக்கிட்டே இருக்கீங்க. இதுக்கெல்லாம் அவரு எப்படித் திருப்பிக் குனிவாரு? அவருக்கு அது வராதுங்க. விட்டுருங்க அவரை!"

"காலமானவங்க பதிலுக்குக் குனிய வேண்டியதில்லை" என்றார் உனோகி அம்மையார், விதியை ஒப்பிக்கிற குரலில். "எல்லாரும் அவங்களுக்குக் குனியணும். மேயரும்தான். அவங்க யாருக்கும் குனிய..."

நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். காலமானவர் பேர்லயே ஒரு ஜன்னல் திறந்தா?"

"எழும்பும்" என்றார் மெதுவாக. "அவ்வளவுதான். குனியாது. புகை வராது. அவருக்கு அவரே ஊதுவத்தி வச்சுக்க முடியாதே."

"ஆனா ஊழியர் பேர்லதான் கணினியில நுழைய முடியும்" என்றார் மகாபே, கீழேயிருந்து.

"ஊழியர் உயிரோட இருக்கணும்னு விதியில இருக்கா?" என்றேன்.

"எழுதலை" என்றார் தசிரோ. "எழுத வேண்டிய தேவை வந்ததில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில், "மகாபே சான், அவர் வந்துட்டா நம்ம ரெண்டு பேருக்கும் மேலதிகாரி. அவர் நிமிர்ந்தே இருக்கறதால நாம ரெண்டு பேரும் சேர்ந்தே நிமிரலாம்" என்றார்.

மகாபேயின் முதுகு அந்த யோசனையை உடனே ஏற்றுக்கொண்டது.

உனோகி அம்மையார் பக்கத்து மேசைக் கணினிக்கு ஓடினார். பிரிவு, பதிவுப் பிரிவு. பணி, தற்காலிகம். பெயர், மினோதானி தொகுசாபுரோ. நிலை என்ற இடத்தில், மேயருக்கும் மேலே முதல் வரியில் இருந்த 'காலமானவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். புது ஊழியரைச் சேர்க்கிற ஜன்னல் பதினைந்து டிகிரிதான், பொறுத்துக்கொண்டோம். பிறகு கவுன்டருக்குத் திரும்பி வந்து அந்தப் பேரில் நுழைந்தார்.

பட்.

ஒரு வெள்ளை ஜன்னல் நட்டுவைத்ததுபோல நின்றது. ஆட்டம் இல்லை, நிழல் இல்லை. கூடத்தில் யாரோ "ஏய்" என்று பயந்துபோய் எழுந்தார். திரையில் குனிந்தும் மண்டியிட்டும் கிடந்த ஜன்னல்கள் எல்லாம் எழுந்தன. இரண்டு தலைவர்களும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள், இடுப்பு எலும்புகள் சடசடத்தன. உனோகி அம்மையாரின் விரல்கள் ஓடின, அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. நாங்கள் அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் தானாகத் திறந்த கதவுக்கு ஹிதே நன்றி சொல்லவில்லை.

தகன மேடையில் வெள்ளைக் கையுறை போட்ட அலுவலர் அனுமதியை நிதானமாகப் படித்தார். "காலமானவர், மினோதானி தொகுசாபுரோ. அனுமதி அளித்த அலுவலர், மினோதானி தொகுசாபுரோ." தலையைத் தூக்கினார். ஹிதே கண்ணை மூடிக்கொண்டான்.

"சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கிட்டிருக்கார்" என்றார் அலுவலர். "இவ்வளவு தெளிவான காகிதம் எங்களுக்கு வந்ததே இல்லை."

கதவு மூடியபோது மணி மூன்று. பெட்டிக்குள் ஐஸும் அப்போதுதான் தீர்ந்திருந்தது. பேசியபடி.

இதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை, கல்யாண ஜோடியின் பதிவை உனோகி அம்மையார் தொகுசாபுரோவின் பேரில் திறந்து ஒரு மூச்சில் முடித்துக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் தொகுசாபுரோவானார். மாலைக்குள் கீழ்த்தளம் முழுக்கத் தொகுசாபுரோ. கூடம் காலியானது. காற்றோட்டத்தைச் சீர் செய்ததால் வேகப் பிரச்சினை தீர்ந்ததாக மகாபேயின் பிரிவு அறிக்கை விட்டது. நம் மரியாதை இப்போது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெருகேறிவிட்டது என்று தசிரோ கூடத்தைப் பார்த்துப் பேசினார். அலங்காரங்களின் டிக்கை மட்டும் யாரும் தொடவில்லை. உயிரோடு இருப்பவர்கள் யாராவது தவறித் தம் சொந்தப் பேரில் நுழைந்தால், ஆக்டோபஸ் இன்றைக்கும் எட்டுக் கைகளோடு வருகிறது.

மாதத்தின் சிறந்த ஊழியராகத் தொகுசாபுரோவைத் தேர்ந்தெடுத்துப் படம் கேட்டார்கள். வீட்டில் கறுப்பு நாடா கட்டிய படம்தான் இருந்தது. அதையே மாட்டினார்கள்.

ஒரு நாள் மகாபே என் கடைக்கு வந்தார். பழைய பெட்டிகளைத் தடவிப் பார்த்தார், விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து மெல்ல ஆரம்பித்தார்.

"மினோதானி சான் தசிரோவோட பிரிவு. என் பிரிவுல அந்த மாதிரி ஒருத்தரும் இல்லை. ரெண்டு பிரிவும் சமம்னு இருக்கறப்ப இது கொஞ்சம்..." என்று இழுத்தார். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்தார். "குஸுமி சான், உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்படியா" என்றார். முகம் வாடிவிட்டது.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு முன் ஹிதேக்குக் குடும்பப் பதிவேட்டின் நகல் ஒன்று வேண்டியிருந்தது. கூடப் போனேன். வழியில் அவன் பொருமிக்கொண்டே வந்தான்.

"ஓசியில ஒரு துண்டு பாசி கொடுக்காத மனுஷன் அண்ணே. இப்ப அரசாங்கத்துக்கு ஓசியில உழைச்சுக் கொட்டறாரு. வேலையில இருந்து எடுங்கன்னா, அவருக்கு மேலதிகாரி கையெழுத்து வேணுமாம். அவருக்கு மேலே யாருமே இல்லையாம்."

உனோகி அம்மையார் எழுந்து வணங்கினார். விதிப்படி திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பட்டென்று ஜன்னல் எழுந்து நின்றது. மேல் மூலையில் அப்பாவின் பெயர்.

ஹிதே பேச்சை நிறுத்தினான். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, யாரும் சொல்லாமலே நாற்பத்தைந்து டிகிரி குனிந்தான். அப்படியே இருந்தான். பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

ஜன்னல் இம்மியும் அசையவில்லை.

அவனாகத்தான் கடைசியில் நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அப்படியே அப்பாதான் அண்ணே" என்றான்.

எதிராளி இறங்கி வரட்டும் என்பதுபோல, வெற்றுக் கட்டத்துக்குள் கர்சர் மட்டும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.